நோய் ஏன் மருந்துக்குக் கேட்பதில்லை?

புற்றுநோயின் எதிர்ப்பும் அதை மருத்துவம் எதிர்கொண்ட வரலாறும்

கோலா கெடா படகுத்துறையிலிருந்து கூலிம் வரை, கெடா மாநிலத்தில் எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும் ஒரு சொல் என்றாவது காதில் விழும். "மருந்துக்குக் கேட்கல." காய்ச்சல் விடவில்லை என்றாலும் அதே சொல்தான். சர்க்கரை இறங்கவில்லை என்றாலும் அதே சொல்தான். புற்றுநோயாளி ஒருவர் கீமோ ஊசி போட்டும் தேறவில்லை என்றால், துக்க வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் சொல்வதும் அதே சொல்தான்.

அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏன் கேட்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. "அப்பவே சொன்னேன், ஊசி போட்டால் பரவிடும்னு" என்று ஒருவர் தொடங்குவார். "கத்தி பட்டால் வேகமா வளரும்" என்பார் இன்னொருவர். அடுத்த வீட்டில் அதே நோய் வரும்போது, அந்தக் குடும்பம் மருத்துவமனைக்குப் போகவே தயங்குகிறது. ஒரு நோயாளிக்கு மருந்து பலிக்காமல் போனது, இன்னொரு நோயாளி மருந்தே வேண்டாம் என்று சொல்லக் காரணமாகி விடுகிறது.

ஆக, இங்கே எதிர்ப்பு இரண்டு வகை. ஒன்று, புற்றுநோய்ச் செல் மருந்தை எதிர்ப்பது. மற்றொன்று, மனிதர் சிகிச்சையை எதிர்ப்பது. முதலாவதைப் புரிந்துகொண்டால் இரண்டாவது தானாகத் தளரும். அந்தப் புரிதலின் வரலாற்றில் சென்னைக்கும் மலேசியாவுக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

தோட்டத்தில் கண்ட பாடம்

நோய் எப்படி மருந்தை எதிர்க்கும் என்று விளங்கிக்கொள்ள, தோட்டப்புற மக்கள் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் முதுகில் தோம்பைச் சுமந்து 'மருந்து அடித்த' பெண்களைக் கேட்டாலே போதும்.

கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி வந்த புதிதில் புல் பூண்டு எல்லாம் கருகிச் சாய்ந்தன. ஆண்டுக்கணக்கில் அதே மருந்தையே அடித்தார்கள். பிறகு ஒரு வகைப் புல் மட்டும் சாகாமல் நின்றது. மலாய்க்காரர்கள் 'ரும்புட் சம்பாவ்' என்று அழைக்கும் புல் அது. கிளைபோசேட்டை எதிர்க்கும் அந்தப் புல் மலேசியாவில் 1997ல் கண்டறியப்பட்டு, உலகக் களை ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

மருந்து அந்தப் புல்லுக்குப் பலம் கொடுத்ததா? இல்லை. இலட்சக்கணக்கான புற்களில் ஏதோ சில, பிறவியிலேயே அந்த மருந்துக்குச் சாகாத மாற்றத்தோடு முளைத்திருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. அந்தச் சிலவற்றின் விதைதான் அடுத்த ஆண்டு தோட்டம் முழுக்க நின்றது.

மலேரியாவிலும் இதே கதை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் கையால் மாத்திரை வாங்கி விழுங்கிய தலைமுறை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. புரோகுவானில் என்னும் மலேரியா மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி மலாயாவில் 1950ஆம் ஆண்டு வாக்கிலேயே பதிவானது. அடுத்து வந்த குளோரோகுயினுக்கும் கட்டுப்படாத கிருமி 1960களின் தொடக்கத்தில் இங்கே தலைகாட்டியது.

புல்லும் கிருமியும் செய்ததைத்தான் புற்றுநோய்ச் செல்லும் செய்கிறது. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கும் என்பது மருத்துவர்களின் கணக்கு. அவை ஒவ்வொன்றும் பெருகும்போது சிறு சிறு பிழைகள் நேர்கின்றன. அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று ஒரு செல்லை மருந்திலிருந்து காப்பாற்றிவிட்டால் போதும். மற்ற செல்கள் அழிய, அது மட்டும் தப்பிப் பிழைத்துப் பெருகும்.

சென்னையிலிருந்து போஸ்டனுக்கு

கெடா தமிழர்களுக்கு 'ஹார்வர்டு' என்றால் முதலில் நினைவுக்கு வருவது பீடோங் வட்டாரத்துத் தோட்டம். அந்தப் பெயரைத் தாங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு, 1920களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஓர் இளைஞர் போய்ச் சேர்ந்தார். பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895ல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் மேலங்கி அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல், அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். சகோதரர்கள் இருவரை வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் சேர்ந்து வாட்டும் 'ஸ்புரூ' நோய்க்கு அடுத்தடுத்துப் பறிகொடுத்திருந்தார். அந்த நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற வைராக்கியம்தான் அவரைக் கப்பலேற்றியது.

போஸ்டனில் மருத்துவமனை ஒன்றில் இரவுநேரக் கடைநிலை ஊழியராக இருந்துகொண்டு படித்தார். உடலின் சக்தி நாணயமான ஏ.டி.பி. என்னும் பொருளைப் பற்றி 1929ல் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து எழுதினார். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940ல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்துக்குப் போனார். யானைக்கால் நோய்க்கு இன்றும் பயன்படும் டி.இ.சி. மாத்திரை, அவர் தலைமையிலான அந்த ஆய்வுக்கூடத்தில்தான் உருவானது.

அங்கே அவர் தேடியது ஃபோலிக் அமிலத்தை. அதற்கு முன்பே, லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920களின் இறுதியில் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளைத் தாக்கிய இரத்தசோகையை ஆராய்ந்திருந்தார். மார்மைட் கொடுத்தால் அது தீர்கிறது என்று கண்டார். மார்மைட்டில் இருந்த அந்தச் சத்துதான் ஃபோலிக் அமிலம். 1945ல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கும் அதுவே மருந்தானது. இன்று நம் தாய் சேய் நல மருந்தகங்களில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் மாத்திரைக்குப் பின்னால் இத்தனை பெரிய கதை இருக்கிறது.

பத்துப் பிள்ளைகள்

போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். விளைவு விபரீதமானது. நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது. இந்தச் சத்து நோய்க்குத் தீனி போடுகிறது என்றால், இதைத் தடுத்தால் நோய் பட்டினி கிடக்குமே என்று அவர் யோசித்தார். ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமளித்து, உண்மையில் அதன் வேலையைத் தடுக்கும் போலிப் பொருள்கள் சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்தன. அவற்றுள் ஒன்று அமினாப்டெரின்.

1947 டிசம்பரில் இரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு அந்த மருந்து செலுத்தப்பட்டது. எழுந்து நிற்க முடியாமல் கிடந்த பிள்ளை நடந்தான், விளையாடினான். 1948 ஜூன் மாதம் ஃபார்பர் தம் அறிக்கையை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் அடங்கியது என்று அது சொன்னது. இரத்தப் புற்றுநோய் மருந்துக்குக் கேட்கும் என்று மருத்துவ உலகம் கண்ட முக்கியமான தருணங்களுள் அது ஒன்று.

ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. அதே மருந்தை மறுபடியும் கொடுத்தார்கள். இம்முறை நோய் கேட்கவில்லை. அந்தப் பையனும் பிழைக்கவில்லை. 1948 ஆகஸ்டில் சுப்பாராவும் தம் 53ஆம் வயதில் காலமானார். மருந்து வேலை செய்ததைக் கண்ட அதே ஆண்டில், மருந்தை நோய் தோற்கடித்ததையும் மருத்துவம் கண்டது.

அன்று பல மருத்துவர்கள் கேட்ட கேள்வியைத்தான் இன்று நம் வீடுகளிலும் கேட்கிறார்கள். எப்படியும் திரும்பி வரும் நோய்க்கு எதற்காக மருந்து கொடுத்துப் பிள்ளையை வதைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது இன்னொரு நோயிலிருந்து.

காசநோய் தந்த விடை

ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து 1940களில் காசநோயாளிகளுக்கு உயிர்ப்பிச்சையாக வந்தது. பிரிட்டனில் நடந்த புகழ்பெற்ற ஆய்வின் முடிவு 1948ல் வெளியானபோது ஓர் உண்மை தெரிந்தது. தொடக்கத்தில் நன்றாகத் தேறிய நோயாளிகள் பலரிடம் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது. பிறகு ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்னும் மற்றொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது.

காரணம் எளிமையானது. ஒரு பூட்டை உடைக்கத் தெரிந்த திருடன் இருக்கலாம். முற்றிலும் வேறு வேறான மூன்று பூட்டுகளையும் ஒரே நேரத்தில் உடைக்கத் தெரிந்தவன் அபூர்வம். ஒரு மருந்துக்குத் தப்பும் செல் பத்து இலட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டு மருந்துகளுக்கும் சேர்த்துத் தப்பும் செல் இலட்சம் கோடியில் ஒன்றுதான் இருக்கும்.

காசநோய் தந்த இரண்டாவது பாடம் சென்னையில் எழுதப்பட்டது. 1956ல் அங்கே காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதற்குத் தலைமை வகித்தார். சேரிகளிலும் நெரிசலான குடியிருப்புகளிலும் வாழ்ந்த ஏழை நோயாளிகளுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும், சானடோரியத்தில் படுக்க வைத்துக் கொடுப்பதற்கு ஈடான பலன் கிடைக்கும் என்பதை 1959ல் அம்மையம் உலகுக்குக் காட்டியது.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மாத்திரையை மாதக்கணக்கில் தவறாமல் விழுங்க வேண்டும். உடம்பு தேறியதும் நோயாளிகள் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்பதை மையத்தினர் கண்டார்கள். திடீரென வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போகிறதா என்று பார்த்தார்கள். நோயாளி மருந்தை விழுங்குவதைச் சுகாதார ஊழியர் பக்கத்தில் இருந்து பார்க்கும் இன்றைய உலகளாவிய காசநோய்ச் சிகிச்சை முறைக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பல மருந்துகள் ஒருசேர. இடைவிடாமல், குறித்த காலம் வரை. இந்த இரண்டு பாடங்களும் புற்றுநோய் மருத்துவத்துக்கும் பொருந்தின.

நித்தியகல்யாணியின் பங்கு

நம் வீட்டு முற்றத்திலும் கோயில் ஓரத்திலும் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் நித்தியகல்யாணியை அறியாதவர் இல்லை. ஜமாய்க்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். அந்த இலைகள் கனடாவுக்கு வந்தன. ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் என்ற இருவர் ஆராய்ந்தபோது சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. இரத்தப் புற்றுநோய் என்பது வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே! 1950களின் இறுதியில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் 1963ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இந்தச் செடி மருந்துக்காகவே பயிரிடப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது.

1960களின் தொடக்கத்தில் எமில் ஃபிரை, எமில் ஃப்ரைரைக் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். நித்தியகல்யாணியின் வின்கிரிஸ்டின், அமினாப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோப்பியூரின், பிரட்னிசோன் ஆகிய நான்கையும் ஒருசேரக் கொடுத்தார்கள். சக மருத்துவர்கள் பலர் இது கொடுமை என்றார்கள். ஆனால் ஆண்டுகள் கடந்தும் நோய் திரும்பாத குழந்தைகள் முதன்முறையாகக் கண்ணில் பட்டார்கள். 1960களின் பிற்பகுதியில் டோனல்ட் பிங்க்கல் இன்னும் விரிவான முறையைக் கொண்டுவந்தபோது ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் குணமடைந்தார்கள். இன்று வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது என்று கேட்டதும் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் உண்டு. அது ஆபத்து. அந்தச் செடி நச்சுத்தன்மை உடையது. மருந்தின் அளவு கொஞ்சம் கூடினாலும் நரம்பையும் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கக்கூடியது. சுத்திகரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுத்தால்தான் அது மருந்து.

அடையாற்றின் போராட்டம்

இந்த அலை தமிழகத்துக்கு வந்தபோது அதை ஏந்திக்கொள்ள ஓர் இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. சென்னை சட்டமன்ற மேலவையில் 1927லேயே உறுப்பினராக அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் பல ஆண்டுகள் அவர் மனத்தில் கனன்றது. 1952ல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் மாதம் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகப் போகிறவர்தானே, அவருக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற மனப்போக்கு அன்று பொறுப்பில் இருந்தவர்களிடமே இருந்தது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955ல் அவரோடு சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அந்த மனப்போக்கோடுதான் வாழ்நாள் முழுவதும் போராடினார்கள். சாந்தா 2005ல் மகசேசே விருது பெற்றார். 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகமே அவர் வீடாக இருந்தது.

1984ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் அயன் மெக்ராத்தோடு கைகோத்து, அடையாறு, மும்பையின் டாட்டா, தில்லியின் எய்ம்ஸ் ஆகிய மூன்றும் ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றத் தொடங்கின. எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். அதுவரை இந்தியாவில் இந்த நோய் வந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று பிழைப்பதே அரிது. புதிய முறைக்குப் பின் ஏறத்தாழப் பாதிப் பேர் நோய் திரும்பாமல் வளர்ந்தார்கள்.

மலேசியாவின் பங்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் சிங்கப்பூர் மருத்துவமனைகளும் இணைந்து 'மா-ஸ்போர்' என்ற பெயரில் ஒரு சிகிச்சைத் திட்டத்தை நடத்தின. சிகிச்சை தொடங்கியபின், உருப்பெருக்கியில் தெரியாத அளவுக்கு மறைந்திருக்கும் நோய்ச் செல்களையும் மூலக்கூறு சோதனையால் எண்ணினார்கள். மருந்துக்கு நன்றாகக் கேட்கும் குழந்தைக்குக் கடுமையான மருந்துகளைக் குறைத்தார்கள். கேட்காத குழந்தைக்குக் கூட்டினார்கள். 556 பேர் கலந்துகொண்ட அத்திட்டத்தின் முடிவு 2012ல் வெளியானது. ஆறாண்டுகளுக்குப் பின்னும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் நோய் திரும்பாமல் இருந்தார்கள்.

செல்லின் தந்திரங்கள்

மருந்திலிருந்து செல் எப்படித் தப்புகிறது என்பதும் இதற்கிடையில் துலங்கத் தொடங்கியது. 1976ல் விக்டர் லிங், ருடால்ஃப் ஜூலியானோ என்ற கனடா ஆய்வாளர்கள், எதிர்ப்புள்ள செல்லின் மேல்தோலில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். ஒழுகும் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக் கொட்டும் மீனவரைப் போல, அது உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துவிடுகிறது.

1978ல் ராபர்ட் ஷிம்கி இன்னொரு தந்திரத்தை வெளிப்படுத்தினார். மெத்தோட்ரெக்சேட் எந்த நொதியை முடக்குகிறதோ, அந்த நொதிக்கான மரபணுவைச் செல் பல மடங்கு நகலெடுத்துக்கொள்கிறது. பத்துப் பேரைக் கட்டிப்போட வந்த காவலரின் முன் ஆயிரம் பேர் வந்து நின்றால் என்ன ஆகும்? சுப்பாராவ் காலத்துக் குழந்தைகளுக்கு நோய் திரும்பியதன் காரணங்களுள் ஒன்று, முப்பது ஆண்டுகள் கழித்து இப்படி விளங்கியது.

ஒரு மாத்திரையின் கதை

2001ல் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது. நாட்பட்ட இரத்தப் புற்றுநோயான சி.எம்.எல். நோய்க்கு அது மருந்து. அந்த நோயை இயக்கும் ஒரே ஒரு புரதத்தின் பூட்டில் சாவி போலப் போய் அமர்ந்து அதை முடக்கும். சில ஆண்டுகளே தாங்குவார் என்று சொல்லப்பட்ட நோயாளிகள் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வைத்தார்கள்.

அதே 2001ஆம் ஆண்டிலேயே சார்ல்ஸ் சாயர்ஸ் குழுவினர் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார்கள். சிலரிடம் நோய் பூட்டையே மாற்றிக்கொண்டு விட்டது. பழைய சாவி பொருந்தவில்லை. பூட்டின் புது வடிவம் தெரிந்ததும் விஞ்ஞானிகள் புதுச் சாவி செய்தார்கள். 2006ல் டாசாட்டினிப், 2007ல் நிலோட்டினிப், அவற்றுக்கும் அடங்காத மாற்றத்துக்கு 2012ல் பொனாட்டினிப், 2021ல் அசிமினிப் என்று அடுத்தடுத்து வந்தன. ஒரு மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் கதை முடிந்தது என்ற நிலை இந்நோயில் மாறியது.

மாத்திரையின் விலை பெரிய தடையாக இருந்தது. இந்தியாவில் நோவார்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட விலையும், உள்நாட்டுத் தயாரிப்புக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள்ளான விலையும் இருந்தன. காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006ல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றமும் நிராகரித்தது. மற்றொரு புறம், இலவசமாக மருந்து வழங்கும் உதவித் திட்டங்களையும் அதே நிறுவனம் நடத்தியது. மலேசிய நோயாளிகளும் உதவித் திட்டத்தின் வழி இம்மாத்திரையைப் பெற்றார்கள்.

மாத்திரை கையில் கிடைத்தது. பிறகு என்ன நடந்தது? இதைத்தான் அடையாறு மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். இமாட்டினிப் பெற்ற 516 நோயாளிகளின் பதிவுகளை அலசி, 2011ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மருத்துவர் சொல்லாமலேயே மாத்திரையை இடையில் நிறுத்தியிருந்தார்கள். தவறாமல் உட்கொண்டவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 77 விழுக்காடு. இடையில் நிறுத்தியவர்களிலோ 60 விழுக்காடுதான்.

இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளிகளுக்கு, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பதிவாகும் மின்னணுப் புட்டியில் மாத்திரை கொடுத்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் மாத்திரையைச் சரியாக எடுத்தவர்களில் 94.5 விழுக்காட்டினருக்கு நோய் ஆழமாக அடங்கும் வாய்ப்பு இருந்தது. அதற்குக் குறைந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு 28.4 விழுக்காடே. 2010ல் வெளியான இந்த முடிவு மருத்துவர்களையே திடுக்கிட வைத்தது. நோய் எதிர்க்கிறது என்று எண்ணி அவர்கள் மருந்தின் அளவைக் கூட்டிய சிலரிடம், உண்மையில் மாத்திரை ஒழுங்காக வயிற்றுக்குள் போகவில்லை!

மனத்தின் எதிர்ப்பு

நோயாளி ஏன் நிறுத்துகிறார்? சோம்பலால் அல்ல. வாந்தி, கால் வீக்கம், சோர்வு ஆகியவற்றைத் தாங்க முடியாமல் நிறுத்துகிறார். உடம்பு தேறிவிட்டது, இனி எதற்கு என்று நிறுத்துகிறார். தோட்டம் துண்டாடப்பட்டு நகர்ப்புறத் தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் தினக்கூலியை விட்டுவிட்டுப் பினாங்குப் பெரிய மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவது என்று தெரியாமல் நிறுத்துகிறார். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் ஊர் அறிந்துவிடுமே என்று ஒரு தாய் நிறுத்துகிறாள். போமோவும் நாட்டு வைத்தியரும் "ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தினால்தான் என் மருந்து பலிக்கும்" என்று சொல்ல, அதை நம்பி நிறுத்துகிறார்.

இவற்றுள் எதுவும் குற்றமல்ல. எல்லாமே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திகள். வாந்திக்கு மாற்று உண்டு. மருந்தின் அளவைச் சரிசெய்யலாம். பயணச் செலவுக்கும் உதவிக்கும் அரசாங்க மருத்துவமனைகளில் சமூகநலப் பிரிவு இருக்கிறது. நாட்டு மருந்து எடுத்தால் அதையும் மறைக்காமல் சொன்னால்தான், இரண்டும் மோதுமா என்று மருத்துவரால் பார்க்க முடியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வேளையும் தவறாமல் மருந்து எடுத்தவரிடமும் நோய் எதிர்ப்பதுண்டு. அது செல்லின் மாற்றத்தால் நேர்வது. நோயாளியின் பாவமோ குடும்பத்தின் கவனக்குறைவோ அல்ல. அத்தகைய நேரத்தில் "வேறு மருந்து உண்டா? மறுபடியும் திசு எடுத்துச் சோதிக்க வேண்டுமா?" என்று கேட்பதே முறை. நுரையீரல் புற்றுநோயில் முதல் மாத்திரைக்குப் பழகிப்போன ஒருவகை நோயை அடக்க 2015ல் ஒசிமெர்ட்டினிப் வந்தது. அது யாருக்குப் பொருந்தும் என்பது சோதித்தால்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காலம் இருக்கிறது. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2007 முதல் 2011 வரை கண்டறியப்பட்டவர்களில் 58.7 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். 2012 முதல் 2016 வரை அது 63.7 விழுக்காடாக ஏறியது. கட்டி பெரிதாகும்போது செல்கள் பெருகுகின்றன. செல்கள் பெருகும்போது பிழைகள் பெருகுகின்றன. அந்தப் பிழைகளுள் மருந்தை எதிர்க்கும் செல்லும் ஒளிந்திருக்கிறது. முற்றிய பிறகு மருத்துவமனைக்குப் போனவருக்கு மருந்து பலிக்காததைப் பார்த்து, மருந்தே பயனற்றது என்று முடிவு கட்டுகிறோம். அந்த முடிவால் அடுத்தவரும் முற்றிய பிறகே போகிறார். இந்தச் சுழலை உடைக்கும் மாத்திரை எந்த மருந்தகத்திலும் இல்லை.

1948ல் பத்துப் பிள்ளைகளுக்கு நோய் திரும்பியபோது, மருந்து தோற்றது என்று ஃபார்பரும் மற்றவர்களும் கூடத்தைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால் இன்றைக்குப் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைத்திருக்க மாட்டார்கள். ஏன் கேட்கவில்லை என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். இனி நம் வீட்டில் யாரேனும் "மருந்துக்குக் கேட்கல" என்று சொன்னால், அந்த இடத்தில் பேச்சை முடித்துவிடாமல் அதே கேள்வியை நாமும் கேட்போம். நோய் கேட்கவில்லையா, மருந்து உள்ளே போகவில்லையா, நாம் காலம் கடந்து போனோமா? விடை எதுவாயினும் அதை முதலில் சொல்ல வேண்டிய இடம் துக்க வீடு அல்ல, மருத்துவரின் அறை.